எஞ்சி நிற்பது: ஹ-ஸ-ல என்னும் அரபு வேர்

ஹா, ஸாத், லாம் என்ற மூன்றெழுத்து வேருக்குச் ‘சேர்த்தல்’ ஒன்றே மூலப்பொருள் என்று ‘மகாயீஸுல் லுகா’வில் தீர்ப்புச் சொல்கிறார், ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு ஃபாரிஸ். பறவையின் கழுத்தடியில் இரை சேரும் பைக்கு ‘ஹவ்ஸலா’ என்று பெயர் இருப்பது அவர் காட்டும் சான்று. ஒரு வேரின் கிளைகளையெல்லாம் ஒரே கருத்தில் கொண்டுவந்து கட்டிய அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும், சிலருடைய கூற்று என்று அவர் ஓரமாக வைத்துவிட்டுப் போகும் செய்திதான் இந்த வேரின் மையம் என்பது என் துணிபு. கல்லிலிருந்தும் சுரங்க மண்ணிலிருந்தும் பொன்னையோ வெள்ளியையோ பிரித்தெடுப்பதே ‘தஹ்ஸீல்’ என்பதன் ஆதிப்பொருள் என்பது அச்செய்தி. அந்த வேலையைச் செய்பவன் ‘முஹஸ்ஸில்’, செய்பவள் ‘முஹஸ்ஸிலா’. மண்ணை அள்ளிக் குவிப்பதால் வந்த பெயரன்று அது; மண்ணைப் போக்கிப் பொன்னை நிறுத்துவதால் வந்தது.

இப்னு ஃபாரிஸுக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு முந்திய கலீல் இப்னு அஹ்மதின் பெயரால் வழங்கும் ‘கிதாபுல் ஐன்’, மற்றவை போய்விட எஞ்சி நிலைப்பதையே ‘ஹாஸில்’ என்கிறது. குர்ஆன் சொற்களுக்கு அகராதி எழுதிய ராகிப் இஸ்ஃபஹானியோ தோலை நீக்கிப் பருப்பை எடுப்பதில் தொடங்கி, தாதுக்கல்லிலிருந்து பொன், வைக்கோலிலிருந்து கோதுமை என்று அடுக்குகிறார். குர்ஆனில் இவ்வேர் வருவது ஓரிடத்தில்தான் (100:10); நெஞ்சங்களில் உள்ளவை வெளிக்கொணரப்படுவதைச் சொல்லுமிடம் அது. அங்குள்ள நன்மையும் தீமையும் பிரித்துத் தெளிவாக்கப்படும் என்றே குர்ஆன் உரையாசிரியர் தபரீ அதற்கு உரை கண்டார். அப்படியானால் பறவையின் பை என்னாவது என்று கேட்கலாம். விழுங்கிய இரை உடனே கரைந்துவிடாமல் தங்கி நிற்குமிடம் அது. மண்ணைத் தின்ற விலங்கின் வயிற்றில் அது அப்படியே தங்கிவிடும் கோளாறுக்கும் ‘ஹஸல்’ என்றே பெயர். இதைச் சேர்த்தல் என்று சொல்லி விளக்குவது கடினம்.

பாரசீக ஆட்சிமொழி வழியே தமிழுக்கு வந்த மகசூலிலும் இப்பொருள் மங்கவில்லை. வயலில் நின்ற பயிர் முழுவதையும் மகசூலாக யாரும் கணக்கிடுவதில்லை. களத்தில் தூற்றிப் பதர் போக்கி அளந்த நெல்லே மூட்டைக் கணக்கில் ஏறுகிறது. வரி தண்டும் ‘தாசில்’ என்பதில் சேர்த்தல்தானே முந்தி நிற்கிறது என்பது வலுவான மறுப்பு. ஆனால் முகலாயர் வருவாய்க் கணக்கைப் பாருங்கள். இவ்வளவு வர வேண்டும் என்று விதித்த தொகைக்கு அங்கே ‘ஜமா’ என்று பெயர். சேர்த்தல், கூட்டல் என்பதற்கு அரபியில் உள்ள நேர்ச்சொல்லே அதுதான். விளைச்சல் பொய்த்து, நிலுவை நின்று, தள்ளுபடியும் போக, உண்மையில் கைக்கு வந்ததை ‘ஹாஸில்’ என்று தனியே எழுதினார்கள். இரண்டும் ஒரே பொருளைத் தந்திருந்தால் ஒன்றற்கு எதிரே மற்றொன்றை நிறுத்திக் கணக்கெழுத இடமே இருந்திருக்காது.