பட்டனை விட்டுப் போன மவுஸ்

விண்டோஸில் ஒரு பட்டன்மேல் மவுஸ் நகர்ந்தால் அந்தப் பட்டனுக்கு மவுஸ்மூவ் செய்தி போகும். வெளியே போயிட்டா? ஆரம்பகாலத்தில் ஒண்ணுமே கிடையாது. அடுத்த செய்தி பக்கத்து ஜன்னலுக்குப் போகும், அவ்வளவுதான்.

பட்டன்கள் அசையாமல் கிடந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 1996-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 தட்டையான டூல்பாரோடு வந்தது. மவுஸ் மேலே வந்தால்தான் பட்டன் எழும்பும். அப்புறம் எல்லாருக்கும் அது வேணும்னு ஆச்சு. விஷுவல் பேசிக் 6-ல்கூட மவுஸ்லீவ் ஈவென்ட் கிடையாது. டைமர் வைத்து "மவுஸ் இன்னும் இங்கேதான் இருக்கா?" என்று பார்த்துக்கொண்டே இருப்போம்.

அதற்கான ட்ராக்மவுஸ்ஈவென்ட் 1996-லேயே என்டி 4.0-ல் வந்துவிட்டது, வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் 98-ல். ஆனால் ஒரு தடவை கேட்டால் ஒரு தடவைதான் சொல்லும். மவுஸ் மேலே இல்லாதபோது கேட்டால், உடனே "போயிடுச்சு" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிடும்.

இதில்தான் நான் மாட்டினேன். ஒரு கடைக்கு எழுதிய பில்லிங் மென்பொருளில், ஜன்னல் உருவாகும்போதே ஒரே தடவை கேட்டு வைத்திருந்தேன். மவுஸ்மூவில் நிறத்துக்கு ஒரு பிரஷ் உருவாக்குவது, மவுஸ்லீவில் அழிப்பது. மவுஸ்லீவ் அப்புறம் வரவே இல்லை. பட்டன் அணையாமல் எரிந்ததை அழகுக் குறைன்னு விட்டுட்டேன்.

விண்டோஸ் 3.1-ல் எல்லா புரோகிராமுக்கும் சேர்த்தே ஜிடிஐக்கு ஒரு 64 கேபி ஹீப்தான். ஒருத்தன் ஒழுகவிட்டால் ஊரே படுத்துடும். எங்கள் காலத்தில் ஒரு புராசஸுக்கு 10,000 ஹேண்டில். பட்டனைக் கடக்க 20 மவுஸ்மூவ் என்று வைத்தால் 500 பில்லில் காலி. கூட்டம் இருக்கும் நாளில் மதியமே திரை வெள்ளையாகும். மந்தமான நாளில் ராத்திரி மூடும்வரை ஓடும். அதனால்தான் எங்கள் ஆபீஸில் அது வரவே இல்லை.

"நீங்க மவுஸை ரொம்ப ஆட்டுறீங்க" என்று கவுன்ட்டர் அக்காவிடம் போனில் சொல்லியிருந்தேன். டாஸ்க் மேனேஜரில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற காலத்தைத் திறந்து, எண் ஏறுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

திருத்தம் நாலே வரி. அக்காவுக்கு போன் பண்ணி, தப்பு என்னுடையதுன்னு சொன்னேன். "அப்போ மதியம் ஆஃப் பண்ணிப் போட வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.