கிரவுன்-பினியன் மாத்தினா மைலேஜ் ஏறுமா? காசு கொடுக்கும் முன் இதைப் படிங்க!

"பின்னாடி கிரவுன்-பினியன் செட்டை மாத்துங்க, மைலேஜ் அள்ளும்" என்று யாராவது சொன்னால், அதில் பாதி உண்மை. பொலிரோ, ஸ்கார்ப்பியோ, அம்பாசடர் போல பின்சக்கரம் தள்ளி ஓடும் வண்டிகளுக்கான பேச்சு இது. ஸ்விஃப்ட், ஐ20-க்கெல்லாம் இந்த வேலையே கிடையாது.

பின் ஆக்சிலின் நடுவில் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிறது விஷயம். பெரிய கிரவுனில் 41 பல், சின்ன பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.10. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 4.1 சுற்று சுற்ற வேண்டும். 39-க்கு 11 பல் போட்டால் விகிதம் 3.55 ஆகக் குறையும்.

ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருளும் டயர், 1:1 டாப் கியர் என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் 4.10 உள்ள வண்டியின் இன்ஜின் சுமார் 3,250 ஆர்.பி.எம். ஓடும். 3.55-ல் சுமார் 2,800 போதும்.

அப்போ 13% டீசல் மிச்சமா?

இல்லைங்க. எதிர்க்காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் தேவையான சக்தி மாறவே மாறாது. இன்ஜினுக்குள் வீணாகும் உராய்வுதான் குறைகிறது. அதனால் லாபம் 13 சதவீதத்தைவிட குறைவாகவே இருக்கும், அதுவும் ஹைவேயில்தான். சிட்டி டிராஃபிக்கில் டாப் கியரே போட முடியாதே!

இழுவையும் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறினால் அடிக்கடி கியர் இறக்க வேண்டும், கிளட்ச் தேயும்.

செலவுக் கணக்கையும் பாருங்க. 15 கி.மீ. கொடுக்கும் வண்டி 5% கூடுதலாகக் கொடுக்கிறது என்றே வைப்போம். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் சுமார் 3 லிட்டர். கிரவுன்-பினியன் செட், பேரிங், ஆயில் சீல், கூலி எல்லாம் சேர்ந்த பில்லை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஏமாறும் இடம் மீட்டர்தான். கியர்பாக்ஸிலிருந்து கணக்கெடுக்கும் வண்டிகளில், 4.10-லிருந்து 3.55-க்கு மாறினால் 100 கி.மீ. ஓடியும் மீட்டர் 87 என்றே காட்டும். வேகமும் அப்படியே குறைத்துக் காட்டும், அது ஆபத்து. தலைகீழாக 3.55-லிருந்து 4.10-க்குப் போனால், ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டி மைலேஜ் ஏறியதுபோல நம்ப வைத்துவிடும். தூரத்தை ஜிபிஎஸ்ஸில் அளந்து, டேங்க் ஃபுல் டு ஃபுல் கணக்குப் போட்டால்தான் உண்மை தெரியும்.

4x4 வண்டி என்றால் முன் ஆக்சிலையும் அதே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். செலவு அங்கே இரட்டிப்பு!