பிந்தி வந்த பெருமை

விளையாட்டுச் செய்தி என்றால் வெற்றி தோல்விக் கணக்கு மட்டுமே என்று, பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எண்ணியிருந்தேன். ரொம் லோங்போட்டின் வரலாறு அந்த எண்ணத்தை மாற்றியது.

கனடாவில் ஒனொண்டாகா பூர்வகுடியில் பிறந்தவர் அவர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையிலிருந்து தப்பியோடியவர். 1907இல் பொஸ்டன் மரதனை 2 மணி 24 நிமிடம் 24 செக்கனில் ஓடி, முந்திய சாதனையை ஏறத்தாழ 5 நிமிடத்தால் முறியடித்தார். ஆயினும், கடும் பயிற்சிக்கிடையே உடலுக்கு ஓய்வு கொடுத்ததற்காகப் பத்திரிகைகள் அவரைச் சோம்பேறி என்றன. அந்த ஓய்வு இன்று பயிற்சியின் அரிச்சுவடி! முதலாம் உலகப் போரில் பிரான்சில் செய்தி காவி ஓடினார். பின்னாளில் ரொறன்ரோ மாநகரின் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்தார். 1949இல் காலமானார்.

வீரர்களையும் விளையாட்டை வளர்த்தோரையும் போற்றும் கனடா விளையாட்டுப் புகழ்மண்டபம் ரொறன்ரோவில் 1955இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே லோங்போட்டின் பெயரும் அதில் இடம்பெற்றது. 2011இல் கல்கரியில் அதற்குப் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பின்னர் அதுவும் மூடப்பட்டது. கட்டடம் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

அவரைச் சோம்பேறி என்று எழுதியவர்கள் என் தொழிலைச் சேர்ந்தவர்கள். மண்டபம் அவருக்கு ஆறு ஆண்டுகள் பிந்தியது; பத்திரிகையாளர்களாகிய நாமோ அதனினும் பிந்தினோம்.