களைப்பை அளந்தவர்கள்

ஆலைகளில் களைப்பு வெகுகாலம் ஒழுக்கக் குறைவாகவே கருதப்பட்டது. மேஸ்திரியின் அதட்டலுக்கும் அபராதத்துக்கும் அது பணிந்துவிடும் என்று நம்பினார்கள். களைப்பு அளக்கக்கூடிய ஓர் உடல் நிகழ்வு என்று காட்டியவர்களில் முதன்மையானவர், இத்தாலியின் துரின் நகரத்து உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோசோ. 1880களில் அவர் உருவாக்கிய எர்கோகிராஃப் எளிய கருவிதான். முன்கையை அசையாதபடி கட்டிவிட்டு, நடுவிரலால் மட்டும் கயிற்றில் தொங்கும் எடையைத் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பும் சுழலும் உருளையில் சுற்றிய, கரி படிந்த தாளில் கோடாகப் பதியும். கோடுகள் வரவரக் குட்டையாகும். கடைசியில் எவ்வளவு முயன்றாலும் விரல் அசையாது.

அந்த ஆய்வகத்தில் கிடைத்த ஒரு முடிவை எந்த மனிதவள மேலாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 30 முறை இழுத்துத் தளர்ந்த விரல் முழுமையாகத் தேற 2 மணி நேரம் பிடித்தது. 15 முறையோடு நிறுத்தியபோது அரை மணி நேரமே போதுமாயிருந்தது. வேலை பாதியானபோது ஓய்வுத் தேவை கால்பங்காகிவிட்டது. உடலை அதிகம் வாட்டுவது, களைத்த பிறகும் தொடர்ந்து செய்யும் வேலைதான். நாள் முழுதும் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திய ஆசிரியரின் விரலும் சீக்கிரம் தளர்ந்ததை மோசோ பதிவுசெய்தார். மூளை உழைப்பும் தசையைத் தொடும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1891இல் இவற்றையெல்லாம் தொகுத்து ‘களைப்பு’ என்ற பொருளிலேயே ஒரு நூலை வெளியிட்டார்.

அமெரிக்காவில் பொறியாளர் பிரெடரிக் டெய்லரும் ஓய்வின் பயனை அறிந்திருந்தார். 42 கிலோ இரும்புக் கட்டிகளைச் சுமப்பவர் பகலில் பாதிக்கு மேற்பட்ட நேரம் சுமையின்றி இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆனால் அவர் கையில் இருந்தது நிறுத்துகடிகாரம். தொழிலாளியின் உடலை அவர் அளக்கவில்லை.

உடலியல் ஆலைக்குள் நுழைந்தது முதல் உலகப் போரின்போது. பீரங்கிக் குண்டுத் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டன், வேலைநேர வரம்புகளைத் தளர்த்தி ஆண்களையும் பெண்களையும் ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் உழைக்க வைத்தது. 1915இல் ஜார்ஜ் நியூமன் தலைமையில் அமைந்த போர்த்தளவாடத் தொழிலாளர் உடல்நலக் குழுவுக்காக, ஆக்ஸ்போர்டு உடலியலாளர் எச். எம். வெர்னன் ஆலைகளின் உற்பத்திப் பதிவேடுகளை வாரவாரியாக ஆராய்ந்தார். வேலைநேரத்தைக் கணிசமாகக் குறைத்த பிரிவுகளில் மொத்த உற்பத்தி சரியவில்லை, சிலவற்றில் ஏறியது. அதே தரவுகளை 2014இல் மறுபடி அலசிய ஸ்டான்போர்டு பொருளியலாளர் ஜான் பென்கவெல், வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக மிகுந்திருக்கவில்லை என்று கண்டார். மிச்ச 14 மணி நேரம் உழைத்தவர்களின் உடலிலிருந்து வீணே பறிக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

1927இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் வணிகப் பள்ளியின் அடித்தளத்திலேயே களைப்பு ஆய்வகத்தைத் திறந்தது. மேலாண்மை படிக்க வந்தவர்களின் காலடியில் ரத்தமும் வியர்வையும் சோதிக்கப்பட்டன. ஹூவர் அணை கட்டும் இடத்தில் 1931 கோடையில் வெப்பத்தால் தொழிலாளர்கள் இறந்தனர். மறு ஆண்டு அந்த ஆய்வகத்தின் டேவிட் புரூஸ் டில் குழுவினர் அங்கு சென்று, வியர்வையோடு உப்பையும் இழப்பதே தசைப்பிடிப்புக்குக் காரணம் என்று உறுதிசெய்தனர். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உணவுக்கூடத்தில் தொங்கிய அறிவிப்பில், உணவில் தாராளமாக உப்புச் சேர்க்கும்படி ஒரு வரி கூடியது.

அந்த ஆய்வகத்துக்கு வழிகாட்டிய எல். ஜே. ஹெண்டர்சன், ரத்தத்தில் தாம் கண்ட சமநிலையைச் சமூகத்துக்கும் பொருத்திப் பார்த்தார். தொலைபேசி நிறுவனத் தலைவர் செஸ்டர் பர்னார்டு 1938இல் எழுதிய புகழ்பெற்ற மேலாண்மை நூலில் அந்தச் செல்வாக்கு தெரிகிறது. நிறுவனத்தை ஓர் உயிராகப் பேசும் வழக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது. உப்பு ஆய்வுக்கு இருந்த ஆதாரம் இந்தப் பாய்ச்சலுக்கு இல்லை. ரத்த அணுக்கள் கூலி கேட்பதில்லை, வேலைநிறுத்தம் செய்வதும் இல்லை.

அடுத்த பெரிய பாடம் உறக்கத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தாது ஆலை ஒன்றில் ஷிப்ட் வாரந்தோறும் பின்னோக்கி மாறிவந்தது. உறக்க ஆய்வாளர் சார்லஸ் சைஸ்லர் குழுவினர் அதைப் பகல், மாலை, இரவு என முன்னோக்கித் திருப்பி, 21 நாளுக்கு ஒருமுறை மாறும்படி செய்தனர். மனிதரின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், முன்கூட்டித் தூங்குவதைவிடத் தள்ளித் தூங்குவது பெரும்பாலோருக்கு எளிது. தொழிலாளர்களின் மனநிறைவும் உற்பத்தியும் உயர்ந்தன, வேலையை விட்டுப்போவோர் குறைந்தனர். 1982இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையே குறைந்தது அரை மணி நேர ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஷிப்ட் எந்தத் திசையில் சுழல வேண்டும் என்பதற்கு அதில் விதி இருக்கவில்லை. அந்த முடிவு ஆலை நிர்வாகத்திடமே விடப்பட்டது.