அழைப்பும் விளியும்: தென்மராட்சி வழக்கை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு சமூகம் தன் விருந்தினரை எவ்வாறு விளிக்கின்றது என்பதைக் கொண்டே அச்சமூகத்தின் படிநிலைகளை ஓரளவு உய்த்துணரலாம். சாவகச்சேரியை நடுவாகக் கொண்ட தென்மராட்சியின் வழக்கு இதற்குத் தக்கதொரு சான்றாகும்.

அச்சிட்ட அழைப்பிதழ் பரவுமுன் அழைப்பு வாய்மொழியாகவே நிகழ்ந்தது. கலியாணத்துக்கு வீடுவீடாகச் சென்று ‘சொல்லுதல்’ யாழ்ப்பாண மரபு. இங்குள்ள பேச்சுவழக்கில் ஏவல் ‘வா’, ‘வாரும்’, ‘வாருங்கோ’ என மூன்று படிகளில் அமையும். ஆகவே சொல்லச் சென்றவர், கேட்பவரின் வயது, உறவு, சாதி ஆகியவற்றை எண்ணியே வினையைத் தேர்ந்தார். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த முதியவரை ஆதிக்கசாதி இளைஞனும் ‘நீ’ என்றான்; முதியவரோ ‘நயினார்’ என விளிக்க வேண்டியிருந்தது.

அச்சு இந்நிலையில் ஒரு மாற்றத்தைப் புகுத்தியது. ஒரே தாள் பலரிடம் செல்வதால் அனைவருக்கும் பொருந்தும் விளி தேவையாயிற்று. தொடக்கத்தில் ‘மகாராஜராஜஸ்ரீ’, ‘இஷ்டமித்திர பந்துஜன சமேதராய்’ போன்ற வடமொழித் தொடர்களே பெருவழக்காயிருந்தன. 1916 இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பின்னர், ‘திரு’, ‘சுற்றமும் நட்பும் சூழ’ என்பன படிப்படியாக அவற்றின் இடத்தைப் பெற்றன. தமிழ்நாட்டில் 1967 இல் அண்ணாவின் அரசு ‘ஸ்ரீ’க்குப் பதிலாகத் ‘திரு’வை அரச வழக்காக்கியது.

இம்மாற்றங்களிடையே நிலைபெற்ற விளி ‘அன்புடையீர்’ என்பதாகும். ‘ஆர்’ ஈறு விளியில் ‘ஈர்’ ஆதல் தொல்காப்பிய விளிமரபு கூறும் விதி. இச்சொல்லில் ஆண், பெண் என்ற வேறுபாடில்லை, பட்டமில்லை, சாதியில்லை. அழைக்கப்படுவோர்க்கு அது வேண்டும் தகுதி அன்பொன்றே.

ஆயினும் தாளிலே தோன்றிய சமத்துவம் பந்தியிலே தோன்ற நெடுங்காலம் சென்றது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1920களிலேயே சம ஆசனத்தையும் சமபந்திப் போசனத்தையும் வற்புறுத்தியது. சாதியின் பெயரால் பொது இடங்களில் அனுமதி மறுத்தல் 1957 இல் சட்டப்படி குற்றமாயிற்று. எனினும் 1966 இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமும் தேவைப்பட்டன. திருவிழா அறிவித்தல்கள் ‘மெய்யடியார்களே’ என விளித்த காலத்திலும் ஆலய வாயில்கள் அடியார் அனைவர்க்கும் திறந்திருக்கவில்லை.

எனவே, விளிச்சொல்லைத் தேர்தல் மொழிப்புலமையோடு மட்டும் நின்றுவிடும் செயலன்று. அழைப்பிதழில் ‘அன்புடையீர்’ என எழுதுபவர், வருவோர் எல்லார்க்கும் ஒரே வரிசையில் இலை போடவும் கடமைப்படுகின்றார். அவ்விலையே அச்சொல்லுக்கு உரையாகும்.