கழுத்தில் தொங்கிய பலகை

போன டிசம்பரில் எங்கள் காலனி இரவுப் பள்ளிப் பிள்ளைகள் பதினோரு பேரைக் கராத்தே போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாவட்ட அளவிலான போட்டி. நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்தது. பதினோரு பேருக்கும் சேர்த்து வெள்ளை உடுப்பு ஏழுதான். ஒருத்தன் ஆடி முடித்துக் கழற்றிக் கொடுக்க, அடுத்தவன் அந்த ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஓடினான். மாஸ்டர் எங்கள் தெருக்காரர். பகலில் தோல் ஷாப்பில் வேலை. ராத்திரியில் சமுதாயக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற மண்தரையில் பயிற்சி.

பெயர் பதிகிற மேசையில் இருந்தவர் எந்த ஊர் என்றார். சொன்னோம். "ஊர்லயா, காலனியா?" இது அடுத்த கேள்வி. கராத்தேக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று மாஸ்டர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "காலனிதாங்க" என்றார் மாஸ்டர். "சும்மாதான் கேட்டேன்" என்று அவர் ரசீது கிழித்தார்.

இரண்டு பேருக்கு வெண்கலப் பதக்கம். கட்டாவில் வாங்கியவள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். திரும்பும்போது பஸ்ஸில் பதக்கத்தைக் கழற்றாமலே கேட்டாள்: "அக்கா, இந்தக் கட்டாவ மொதல்ல யாரு செஞ்சாங்க?" எனக்கு முன்னால் மாஸ்டர் பதில் சொன்னார்: "போதிதர்மரு. நம்ம காஞ்சிபுரத்து ராஜா புள்ள." "ராஜா புள்ளயா?" என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போதிதர்மர் கதையை மாஸ்டர் இட்டுக்கட்டவில்லை. தமிழ்நாட்டுக் கராத்தே வகுப்புகளில் ரொம்ப நாளாகவே புழங்குகிற கதைதான். 2011இல் வந்த '7ஆம் அறிவு' படம் அதைத் தெருவெங்கும் கொண்டுபோனது. ஆனால் போதிதர்மரைப் பற்றிப் பேசும் மிகப் பழைய சீனக் குறிப்பு, 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. அவர் சண்டைக் கலை கற்றுக் கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டு கழித்து வந்த நூல்களிலிருந்து கிளம்பிய கதை. கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்த இத்தோசு அன்கோ 1908இல் ஒரு கடிதம் எழுதினார். அவர் எடுத்த எடுப்பில் சொன்ன சங்கதியே இந்தக் கலை பௌத்தத்திலிருந்தும் வரவில்லை, கன்பூசியத்திலிருந்தும் வரவில்லை என்பதுதான். ஆண்ட பரம்பரைக் கனவு இல்லாமல் ஒரு கைவீச்சுக்குக்கூட வரலாறு சொல்லத் தெரியாதவர்களாக நாம் ஆகிவிட்டோம். உலகத்தில் எது நல்லதாக இருந்தாலும் அது ஒரு ராஜா வீட்டுப் பிள்ளை கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டுமா?

இதற்கு எதிரான கதை ஒன்றும் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு அது உடனே பிடித்துப்போகும். ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர்கள் வெறுங்கையையே ஆயுதமாக்கி, ஆண்டைகளுக்குத் தெரியாமல் இரவில் பயின்ற கலைதான் கராத்தே என்பது அந்தக் கதை. நானும் கூட்டங்களில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். படித்துப் பார்த்தபோது இதுவும் நிற்கவில்லை. பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பெரும்பாலோர் ஷூரி நகரத்து அரசாங்க உத்தியோகக் குடும்பத்தினர். சீனாவோடு போக்குவரத்து இருந்ததால் அங்கிருந்து வந்த முறைகளும் அதில் கலந்தன. நமக்குப் பிடிக்கிறது என்பதற்காக ஒன்றை வரலாறாக்கினால், அவர்களுடைய புராணத்துக்கும் நம் எழுத்துக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

அப்படியானால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா? இருக்கிறது. அது தொடங்கும் இடம் வேறு.

ஜப்பானுக்கும் தைவானுக்கும் இடையில் கடலில் சிதறிக் கிடக்கிற தீவுகள் ரியூக்யு. அவற்றில் பெரியது ஒக்கினாவா. 1429 முதல் அது தனி அரசு. தனி மொழி, தனி வழிபாடு. 1609இல் தெற்கு ஜப்பானின் சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து வந்து அதைக் கப்பம் கட்ட வைத்தார்கள். 1879இல் ஜப்பான் அரசு அந்த ராஜ்ஜியத்தையே கலைத்துத் தன் மாகாணமாக்கிக்கொண்டது. கடைசி அரசரைத் தோக்கியோவுக்குக் கொண்டுபோனார்கள். நேற்றுவரை உள்ளூரில் உயர்ந்தவராக இருந்தவரும் தாழ்ந்தவராக இருந்தவரும் ஜப்பானியர் கண்ணில் ஒரே நாளில் 'பின்தங்கிய' ஒக்கினாவாக்காரர் ஆனார்கள்.

ஆதிக்கம் முதலில் கை வைத்தது நாக்கின் மேல். பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய மொழிதான் பேச வேண்டும். தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரப் பலகையைத் தொங்கவிடுவார்கள். அதைக் கழற்ற ஒரே வழி, தாய்மொழி பேசுகிற இன்னொரு பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது. பிடிபட்டவன் கழுத்துக்குப் பலகை மாறும். வாத்தியார் அடிக்கவே வேண்டாம், பிள்ளைகளே ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொள்வார்கள். பேஷ்வாக்கள் காலத்துப் பூனாவில் தீண்டப்படாதவன் எச்சில் தரையில் விழாமல் இருக்கக் கழுத்தில் மண்கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அந்தக் கலயத்தைத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பலகையைப் புரியவைக்கத் தேவையில்லை.

1903இல் ஒசாக்காவில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்தது. அதையொட்டி 'மனிதக் கூடம்' என்று ஒன்று வைத்தார்கள். ஐனு பழங்குடிகளையும் தைவான் பழங்குடிகளையும் ஒக்கினாவாப் பெண்கள் இருவரையும் உயிரோடு காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். ஒக்கினாவாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால் பத்திரிகையாளர் ஓத்தா சோஃபு எழுதிய கண்டனத்தைப் படித்தால் மனசு சுருங்குகிறது. எங்களை ஐனுக்களோடும் தைவான் காட்டுமிராண்டிகளோடும் எப்படிச் சேர்க்கலாம் என்பதுதான் அவருடைய கோபம். மனிதனைக் காட்சிக்கு வைத்ததில் அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை, யார் பக்கத்தில் வைத்தார்கள் என்பதில்தான் வருத்தம். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதற்குக் கடல் தாண்டியும் சாட்சி இருக்கிறது. நம் உட்சாதிச் சண்டைகளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இத்தோசு அன்கோ கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது இந்தச் சூழலில்தான். 1901 வாக்கில் ஷூரியில் ஒரு தொடக்கப் பள்ளி. 1905இல் முதலாம் நடுநிலைப் பள்ளியும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும். அதுவரை ஓர் ஆசானும் ஒன்றிரண்டு சீடர்களுமாக மறைவில் இருந்த கலை, வரிசையில் நின்று எண்ணிக்கைக்குக் கை வீசுகிற உடற்பயிற்சி ஆனது. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி அவர் அமைத்தவைதான் பினான் என்கிற ஐந்து கட்டாக்கள். எங்கள் பிள்ளைகள் ஹெயான் என்று ஆடுவது இவற்றைத்தான். எட்டாம் வகுப்புப் பெண்ணின் கேள்விக்கு நேரான பதில் இது: பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வயதான ஆசான் செய்தது.

ஆனால் முழுப் பதிலையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1898இலேயே ஒக்கினாவாவில் கட்டாய ராணுவ சேவை வந்துவிட்டது. சிறு வயதிலிருந்தே இதைப் பழகினால் பிள்ளைகள் பிற்காலத்தில் நல்ல சிப்பாய்களாவார்கள் என்று இத்தோசு அதே 1908 கடிதத்தில் எழுதினார். தன் மக்களின் கலையைக் காப்பாற்ற, அது ராணுவத்துக்குப் பயன்படும் என்று அவர் மனுப் போட வேண்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறையைப் 'பாரம்பரியக் கலை' என்று எழுதிக்கொடுத்தால்தான் அரசு விழாவில் மேடை கிடைக்கும் என்கிற நிலையில் நம் கலைஞர்கள் நிற்பதைப் பார்த்தவர்கள் நாம்.

1922ஆம் ஆண்டை இரண்டு விஷயங்களுக்காக நினைவில் வைக்க வேண்டும். அந்த மார்ச் 3இல் கியோத்தோவில் ஜப்பானின் தீண்டப்படாதவர்களான புராக்குமின் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தோல் வேலை, இறைச்சி வேலை செய்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். 1871இல் அரசு அவர்களுக்கு விடுதலை என்று ஆணை போட்டும் ஊர் மாறவில்லை. யாருடைய கருணையும் வேண்டாம், எங்கள் விடுதலையை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று சுய்ஹெய்ஷா என்கிற சமனாளர் இயக்கத்தை அன்று தொடங்கினார்கள். தங்களுக்குப் போட்ட இழிபெயரை மறைக்காமல், அதைச் சொல்லியே நிமிர்ந்தார்கள்.

அதே ஆண்டில் ஒக்கினாவாப் பள்ளி ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சின், 53 வயதில், தோக்கியோவில் அரசுக் கண்காட்சி ஒன்றில் கராத்தே செய்து காட்டினார். பிறகு அங்கேயே தங்கிவிட்டார். ஒக்கினாவா மாணவர் விடுதியில் வாசல் கூட்டி, காவல் இருந்து, அங்கேயே பாடமும் நடத்தினார். ஜூடோவின் நிறுவனர் கானோ ஜிகோரோ ஆதரவு கொடுத்தார். வெள்ளை உடுப்பும் கறுப்பு பெல்ட்டும் ஜூடோவிலிருந்து வந்தவை.

அடுத்துப் பெயரில் கை வைத்தார்கள். 'கரா' என்பதைச் சீனத்தைக் குறிக்கிற எழுத்தில்தான் அதுவரை பெரும்பாலும் எழுதினார்கள். சீனக் கை என்று பொருள். ஜப்பான் சீனாவின் மேல் பாய்ந்துகொண்டிருந்த காலத்தில் அது உறுத்தியது. ஓசை மாறாமல் எழுத்தை மட்டும் மாற்றி 'வெறுங்கை' ஆக்கினார்கள். 1936 அக்டோபர் 25இல் நாஹா நகரத்தில் கூடிய ஒக்கினாவா ஆசான்களும் அதற்குச் சம்மதித்தார்கள். கட்டாக்களின் பெயர்களையும் ஃபுனகோஷி ஜப்பானிய வழக்குக்கு மாற்றினார். பினான் ஹெயான் ஆனது இப்படித்தான். கலை மேடை ஏறிவிட்டது. கொண்டுவந்தவன் ஊர் அடையாளம் துடைக்கப்பட்டுவிட்டது.

சரி, அப்படித் துடைத்துக் கொடுத்ததற்கு அந்த மக்களுக்கு என்ன கிடைத்தது? 1945 ஏப்ரல் 1இல் அமெரிக்கப் படை ஒக்கினாவாவில் இறங்கியது. தலைநிலத்தைக் காக்க அந்தத் தீவைப் பலியாக்கியது ஜப்பான் ராணுவம். ஒக்கினாவா மொழியில் பேசுகிறவர்களை ஒற்றர்களாகக் கருதித் தண்டிக்க வேண்டும் என்று அந்த ஏப்ரலில் ராணுவ உத்தரவு போட்டது. பள்ளிக்கூடத்தில் கழுத்துப் பலகையாக இருந்தது இப்போது மரண தண்டனை. 14 வயதுப் பையன்களைக்கூட 'இரும்பும் ரத்தமும்' என்று பெயர் வைத்த மாணவர் படையில் சேர்த்தார்கள். இத்தோசு கராத்தே சொல்லிக்கொடுத்த நடுநிலைப் பள்ளியும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் அதில் அடக்கம். ஹிமெயுரி என்கிற மாணவியர் தாதிப் படையில் 222 பெண்களும் 18 ஆசிரியர்களும் போனார்கள். அவர்களில் 136 பேர் திரும்பவில்லை. சண்டை முடிந்தபோது ஒக்கினாவா மக்களில் 1,20,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர். மாணவர் படையில் பிழைத்த ஓத்தா மசாஹிதே பிற்காலத்தில் அந்தப் போரின் வரலாற்றை எழுதினார். 1990 முதல் 1998 வரை ஒக்கினாவாவின் ஆளுநராக இருந்து அமெரிக்கத் தளங்களை எதிர்த்து நின்றார். 1972இல் தீவு ஜப்பானிடம் திரும்பிய பிறகும் தளங்கள் போகவில்லை. ஜப்பானின் நிலத்தில் 0.6 சதவீதம் மட்டுமே உள்ள ஒக்கினாவாதான், அங்குள்ள அமெரிக்கத் தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவீதத்தைச் சுமக்கிறது.

ஃபுனகோஷிக்குப் போட்டி என்பதே பிடிக்காது. அவர் இறந்த 1957லேயே தோக்கியோவில் அகில ஜப்பான் போட்டி நடந்தது. 1970இல் முதல் உலகப் போட்டி. 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதல்முறையாக இடம்பெற்றது. அதில் ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கிய கியுனா ர்யோ ஒக்கினாவாக்காரர். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் ஒக்கினாவாக்காரரும் அவர்தான். இறந்துபோன அம்மாவின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேயை எடுத்துவிட்டார்கள். உள்ளே சேர்ப்பதும் வெளியே தள்ளுவதும் வேறு யார் கையிலோதான் இருக்கிறது.

இதையெல்லாம் பார்த்து, போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேரிப் பெண் ஒருத்தி மண்டபத்தின் நடுவில் நின்று, நாலு பேர் பார்க்க, உரக்கக் குரல் கொடுத்துக் கை வீசுவது லேசான விஷயம் இல்லை. அவள் பாட்டிக்கு அந்தத் தெருவில் செருப்புப் போட்டு நடக்கிற உரிமை இருந்ததில்லை. பதக்கம் வேண்டும், வாங்குவோம். ஆனால் பெயரைத் துடைத்துக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒக்கினாவா சாட்சி. பறைக்குக் கைதட்டிவிட்டு, அடித்தவன் வீட்டில் தண்ணி குடிக்கத் தயங்குகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம்.

இந்தக் கதையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குச் சொன்னேன். மாஸ்டரும் உட்கார்ந்து கேட்டார். போதிதர்மரை விட அவருக்கு மனசு வரவில்லை, கொஞ்ச நேரம் வாதாடினார். பலகைக் கதை வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். கேள்வி கேட்ட பெண் மட்டும், "மொதல்ல மாட்டுனவன் யாரையும் காட்டிக் குடுக்காம இருந்திருந்தா?" என்றாள். கழுத்தில் பலகையோடு சாயங்காலம் வரைக்கும் நின்றிருப்பான் என்றேன். "நிக்கட்டுமே" என்றாள்.

பிப்ரவரியில் மறுபடி போட்டி. உடுப்பு இப்போது ஒன்பது ஆகியிருக்கிறது. ஒன்பதின் முதுகிலும் எங்கள் காலனியின் பெயரை, அதிலிருக்கிற 'காலனி'யோடு சேர்த்து, பிள்ளைகளே நூலால் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்காரர் இந்த முறை கேட்க வேண்டியிருக்காது.