சின்னண்ணன்: தமிழகத்தில் அயல்நாட்டார் தொண்டின் வரலாறு

நொய்யல் ஆற்றங்கரையில், திருப்பூருக்கு மேற்கே அமைந்த சாமளாபுரம் இன்று விசைத்தறிகளின் ஊர். கூலிக்கு ஓடும் தறிகளில் நெய்யப்படும் காடாத் துணியும், பக்கத்துத் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியும் இவ்வட்டாரத்தை அயல்நாடுகளோடு வணிகத்தால் பிணைத்திருக்கின்றன. வணிகத்துக்காக அன்றி, ஊர்ப்பணியில் தோள்கொடுப்பதற்காகவே கடல் கடந்து தமிழகம் வந்தவர்களின் வரலாறு இதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. துணியைத் தொழிலாகக் கொண்ட இவ்வட்டாரத்தார் அதை அறிந்திருக்கத் தனிக் காரணமும் உண்டு.

ஊதியம் பெறாமல் ஊருக்கு உழைப்பது தமிழகத்துக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம் அன்று. சாமளாபுரம் குளத்தைப் போன்று நொய்யல் நீரால் நிரம்பும் குளங்களிலும், பிற ஏரிகளிலும், கரையை உயர்த்துதல், வாய்க்காலைத் தூர்வாருதல், மதகைச் செப்பனிடுதல் ஆகிய வேலைகளுக்குப் பாசனக் குடும்பங்கள் தத்தம் பங்குக்கு ஆள் அனுப்பிய முறை குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேய அரசு 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தின் வழியே இவ்வழக்கத்தைத் தண்டனைக்குரிய கடமையாக்கியபோது, ஊரார் தம்முள் முறைவைத்துச் செய்துவந்த வேலை அதிகாரிக்குச் செய்யும் வேலையாக மாறிற்று. வழக்கம் தளர்ந்ததற்கு இது முக்கியமான காரணம் என்றே கொள்ள வேண்டும். யாருடைய சொல்லுக்கு இணங்கி உழைப்பது என்ற இக்கேள்வியே பின்னர் அயல்நாட்டார் தொண்டிலும் எழுந்தது.

அக்கேள்விக்குத் தெளிவான விடை தந்த முதல் முயற்சிகளுள் ஒன்று, 1921-இல் வட ஆர்க்காட்டுத் திருப்பத்தூரில் தொடங்கப்பட்ட கிறிஸ்துகுல ஆசிரமம். இதைத் தொடங்கிய இருவரும் மருத்துவர்கள்: ஒருவர் சவரிராயன் ஏசுதாசன், தமிழர், மற்றவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்துக்காரர். ஊர்மக்கள் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தனர். வெள்ளையர் எவரையும் துரை என்று விளித்த ஒரு காலத்தில், தமிழர் மூத்தவராகவும் ஐரோப்பியர் இளையவராகவும் நிற்கும் இந்த முறைப்பெயர் ஆசிரமத்தின் அடிப்படையையே சொல்லிவிடுகிறது. ஆசிரமத்தார் சம்பளம் வாங்கவில்லை; மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்து, எளிய உணவு உண்டு, சுற்றுக் கிராமங்களின் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தனர்; தம் வழிபாட்டுக்குத் தமிழகக் கோயிற்கட்டடப் பாணியிலேயே ஒரு ஜெபாலயமும் எழுப்பினர்.

சின்னண்ணனின் பின்னணி திருப்பூர் வட்டாரத்தார் கருதத்தக்கது. அவர் பிறந்த குடும்பம் ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளிப் பின்னல்நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பம். ஆலைநூலால் வளர்ந்த வீட்டின் மகன், கையால் நூற்றுக் கையால் நெய்த துணியை விரும்பி உடுத்தினார். அத்தகைய கதரின் தமிழகத் தலைமை இடமாக அப்போது விளங்கியது திருப்பூர். அந்த உடைக்கு அவர் விலையும் கொடுக்க நேர்ந்தது. 1932-இல் சென்னையில் அன்னியத் துணிக்கடை மறியல் நடந்த தெருவில் போலீசார் அவரைத் தாக்கிக் குழாய்நீரைப் பீய்ச்சியடித்தனர். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும் அளவுக்கு அச்செய்தி வளர்ந்தது.

ஐரோப்பாவில் இதே காலத்தில் பணிமுகாம் என்னும் முறை உருவாயிற்று. பல நாட்டார் ஓரிடத்தில் தங்கி, மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு ஊருக்கு வேண்டிய வேலையை ஊதியமின்றிச் செய்வது அதன் இயல்பு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல் முதல் உலகப் போரில் அழிந்த பிரெஞ்சுக் கிராமமான எஸ்னில் 1920-இல் அமைத்த முதல் முகாம், ஜெர்மானியரின் உழைப்பை ஏற்க அப்பகுதியார் இசையாததால் சில மாதங்களிலேயே நின்றது. 1934 ஜனவரி 15-இல் பீகாரைப் பெருநிலநடுக்கம் தாக்கிய பிறகு, ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணத்தோடு இணைந்து செரசோலும் தோழர் சிலரும் அங்கு உழைத்தனர். வெள்ளத்தில் மூழ்கும் கிராமங்களை மேட்டுநிலத்துக்கு மாற்றிக் கட்டும் அப்பணி 1937 வரை நீண்டது.

தமிழகத்திலோ, சின்னண்ணனைப் போலவே, மதுரைக் கிறிஸ்தவ மிஷனுக்கு 1925-இல் வந்த அமெரிக்கர் ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தானும் கதருக்கு மாறியவரே. காந்தியின் ஆங்கிலேய நண்பர் ரெஜினால்டு ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் தங்கவைத்ததால் 1930-இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த அவர், திரும்பி வந்து, 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டு, விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்து காந்திகிராமத்தோடும் சர்வோதய இயக்கத்தோடும் இணைந்து உழைத்தார்.

விடுதலைக்குப் பிறகு தொண்டு அரசுத் திட்டமாகவும் ஆயிற்று. 1961 முதல் 1976 வரை இந்தியாவில் இயங்கிய அமெரிக்க அமைதிப் படையினர் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் தங்கிப் பணியாற்றினர்; பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், தம் 68-ஆம் வயதில் செவிலியராகப் பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்தது இப்படையின் வழியேதான். தமிழகத்தில் இதைவிட ஆழமாக ஊன்றியது வேறொரு முயற்சி. நிலமற்றோருக்காக நிலக்கொடை திரட்டிய பூதான இயக்கத்தில் கிடைத்த நிலங்கள், கிணறு வெட்டவும் மண்ணைத் திருத்தவும் முதலின்றிப் பல இடங்களில் தரிசாகக் கிடந்த நிலையில், இத்தாலியின் சான்ரெமோவைச் சேர்ந்த ஜியோவான்னி எர்மிலியா அந்நாட்டு மக்களிடம் பொருள் திரட்டித் தமிழகச் சர்வோதயத் தொண்டர் லோகநாதனோடு 1969-இல் தொடங்கிய அசெஃபா என்னும் தொண்டு அமைப்பு, இன்றும் தமிழர் கையில் இயங்கிவருகிறது.

குடும்பமாகத் தொண்டாற்றுவதற்கு ஆரோவில்லின் சாதனா காடு சான்றாகும். இஸ்ரேலைச் சேர்ந்த அவிராம், யோரித் ரோசின் இணையர் தம் சிறு மகளோடு 2003 டிசம்பரில் ஏறத்தாழ 70 ஏக்கர் வறண்ட நிலத்தில் குடியேறினர். மழைநீர் ஓடி வீணாகாதபடி சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு, கரையோரம் குழி தோண்டி, அந்த ஈரத்தில் நாட்டு மரக்கன்று நடுவது அங்கு வேலை; குழந்தைகளோடு வரும் அயல்நாட்டுக் குடும்பங்களும் அதில் சேர்கின்றன. குடிமராமத்துக்குப் பழகிய கண்ணுக்கு அந்த மண்கரை புதிதாகத் தோன்றாது.

இவற்றுள் வேரூன்றி நின்றவை, வந்தவர் நெடுங்காலம் தங்கியவையும் உள்ளூரார் சொல்லுக்கு இடம் தந்தவையுமே. இன்று குறுகிய கால விடுமுறையில் தொண்டு செய்யக் கிளம்பும் குடும்பங்கள், தமிழகம் வந்தாலும் தமிழகத்திலிருந்து அயல்நாடு சென்றாலும், போய்ச்சேரும் ஊரில் தமக்கு யார் மூத்தவர் என்பதைப் புறப்படும் முன்பே கேட்டறிவது நல்லது. திருப்பூர்ப் பின்னலாடையின் வரலாற்றை எழுதுவோர், பின்னல்நூல் ஆலை வீட்டில் பிறந்து கதருக்கு வந்த சின்னண்ணனுக்கும் அதில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.